எழுதாத டிஸ்க்குகள்

அவர் வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன வேலைகளில் கடினமானது என்று எதுவும் இல்லை. மாமனாருக்குப் பிரஷர் மாத்திரை தீர்வதற்கு முன்பே வாங்கிவைக்க வேண்டும். காஸ் புத்தகத்தைத் தொலைக்கக் கூடாது. லேப்டாப்புக்கு ரெக்கவரி டிஸ்க் எழுதிவைக்க வேண்டும். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாவதைச் செய்யாமலே செய்துவிட்டதாகச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை சில மாதம் கழித்து என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை.

வீடுகளுக்கு லேப்டாப் வர ஆரம்பித்திருந்த காலம் அது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் அது முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். தறி போட்டிருக்கும் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில், ஒரு ஸ்டூலின் மேல் வைத்திருந்தோம். வாங்கும்போது சிஸ்டம் டிஸ்க் எதுவும் கூடத் தரவில்லை. எல்லாம் மிஷினுக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கிறது, நீங்களே மூன்று டிவிடியில் எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். என்றைக்காவது மிஷின் படுத்துவிட்டால் அந்த மூன்று டிஸ்க்கைப் போட்டால்தான் எழுந்திருக்கும். ஒரே ஒரு செட் எழுதத்தான் அனுமதி, இரண்டாவது கிடையாது. ஐந்து டிவிடி கொண்ட பாக்கெட் ஒன்றை அவரே வாங்கி அலமாரியில் வைத்தார். எனக்கு நேரமில்லை, நீதான் கம்ப்யூட்டர் படித்தவளாயிற்றே என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

கம்ப்யூட்டர் படித்தவள்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தினமும் காலையில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பேக்கப் எடுக்காதவர்கள் ஒருநாள் உட்கார்ந்து அழுவார்கள் என்று ஏனாத்தூரிலிருந்து வரும் பெண்களை மிரட்டுவேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி எழும்பும். ரெக்கவரி டிஸ்க் இன்னும் எழுதவில்லை, இப்போது எழுதலாமா, பிறகு பார்க்கலாமா என்று கேட்கும். நான் பிறகு என்பதை அமுக்குவேன். ஒரே தடவைதான் என்ற அந்த வரியைப் பார்த்தாலே எனக்குக் கை ஓடாது. பாதியில் தொங்கிவிட்டால் என்ன செய்வது, தப்பான பட்டனை அமுக்கிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்தே வாரங்களை ஓட்டினேன். சுபாவமே அப்படி. திருத்த முடியாது என்று தெரிந்த எதையும் நான் தொட்டதில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிறு, வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது டிஸ்க் எழுதியாகிவிட்டதா என்று கேட்டார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால், சாப்பிடாவிட்டாலும் ஆச்சு என்று சொல்லிவிடுவோமே, அந்த மாதிரிதான் எழுதிட்டேங்க என்றேன். நான் அதைச் சொன்ன நிமிஷமே மறந்திருப்பேன். ஆனால் அவர் பக்கத்தில் இருந்த ரூம் நண்பரைத் திரும்பிப் பார்த்து, எங்கள் வீட்டில் அவளே எழுதிவிட்டாள், நீ இன்னும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறாய் என்று அத்தனை பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையைப் பார்த்த பிறகு எப்படி வாயைத் திறப்பது? அன்று சாயங்காலமே எழுதிவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். சாயங்காலம் கரண்டு இல்லை. மறுநாள் மாமனாருக்கு ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் காரணங்கள் தானாகவே கிடைத்தன.

ஒரு டிஸ்க்குக்கு இவ்வளவு பயமா என்று தோன்றலாம். கல்யாணமாகி நாலே மாதத்தில் போனவர் அவர். எங்கள் குடித்தனமே பேச்சில்தான் நடந்தது. அப்பா மாத்திரை போட்டாரா, அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது, மாடியில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்றா, எல்லாவற்றுக்கும் நான் சொல்வதை மட்டும்தான் அவர் நம்பியாக வேண்டும். கிளம்பும்போது விமான நிலையத்தில் அதைச் சொல்லியும் இருந்தார். “செய்யலன்னா செய்யலன்னு சொல்லு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பொய் மட்டும் வேணாம்மா. அங்கருந்து என்னால எட்டிப் பாக்க முடியாது.” இந்த ஒன்றில் நான் பிடிபட்டால், இதுவரை சொன்னதும் இனிமேல் சொல்லப்போவதும் சேர்ந்து சந்தேகமாகிவிடும். லேப்டாப் போனால் போகட்டும், அவர் என்மேல் வைத்த நம்பிக்கை போய்விடக் கூடாது என்பதுதான் என் பயமெல்லாம்.

புரட்டாசியில், சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம், டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. நான் பல்லி என்று நினைத்துச் சுவரைப் பார்த்தேன். அத்தை, அதாவது என் மாமியார், கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தறியில் ஓடும் நாடாவுக்குள் வைக்கிற பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றும் வேலை அது. அவரும் பல்லி என்றுதான் நினைத்தார். நல்ல வேளையில்தான் சொல்லுது என்று தரையில் விரலைத் தட்டிக்கொண்டார். சத்தம் லேப்டாப்புக்குள்ளிருந்து வந்தது. திரை அப்படியே உறைந்து, கொஞ்ச நேரம் கழித்து அசைந்தது. ஹார்ட் டிஸ்க் போகிற சத்தம் அது என்று எனக்குத் தெரியும். சென்டரில் அப்படி இரண்டு மிஷின் செத்ததைப் பார்த்திருக்கிறேன். 

அவரிடம் சொல்லாமல் சமாளிக்கலாம் என்றிருந்தேன். சாயங்காலம் அவர் போன் செய்தபோது முதலில் எடுத்தது அத்தை. உன் கம்ப்யூட்டர் பல்லி மாதிரி சொல்லிக்கொண்டே இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே மகனிடம் சொல்லிவிட்டார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. போன் என் கைக்கு வந்தபோது பதற்றமே இல்லாமல் பேசினார். போட்டோக்களையெல்லாம் பென் டிரைவில் எடுத்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை சென்னை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனால் வாரண்டியில் ஹார்ட் டிஸ்க்கை மாற்றித் தருவார்கள். சிஸ்டத்தை மட்டும் அவர்கள் போட்டுத்தர மாட்டார்கள்.

“அதான் டிஸ்க் எழுதி வச்சிருக்கிறியே, அப்புறம் இன்னா பயம்? ஞாயித்துக்கிழமை மூணையும் கேமரா முன்னாடி காட்டு. கீறல் ஏதாச்சும் இருக்குதான்னு ஒரு தபா பாத்துடறேன்.”

சரிங்க என்றேன். 

ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. பூஜையன்று சென்டருக்கு லீவு. காலையிலேயே உட்கார்ந்து மூன்று டிஸ்க்கையும் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். ஏழு மாதமாகத் தைரியம் வராதவளுக்கு அன்று வந்துவிட்டது, பயத்தில் வந்த தைரியம். அதிகாலையில் எழுந்து போட்டோக்களைப் பென் டிரைவில் எடுத்தேன். அதற்கே மிஷின் இரண்டு தடவை முரண்டு பிடித்தது. பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால், ஸ்டூலின் மேல் லேப்டாப் இல்லை.

கூடத்தில் பூஜைக்கு எல்லாம் அடுக்கியாகிவிட்டது. தறியைத் துடைத்து, மாவிலை கட்டி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். தறிக்கு முன்னால் பலகையில் நாடாக்கள், தார்க் குழல்கள், ஜரிகை வெட்டும் கத்தரி, மாமனாரின் மூக்குக்கண்ணாடிக் கூடு. அவற்றுக்கு நடுவில், மூடிமேல் மூன்று பட்டை சந்தனத்தோடு என் லேப்டாப். அதற்கு முன்னால் ஐந்து டிவிடிகளும் விசிறி மாதிரி பரப்பி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஈரச் சந்தனத்தில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு. எல்லாமே மின்னுகிற பக்கத்தில். எழுதப்பட வேண்டிய பக்கம் அதுதான்.

நான் திகைத்து நின்றதைப் பார்த்து அத்தை சந்தோஷமாகத்தான் விளக்கினார்.

“எழுத்து போட்டிருக்கிறது உள்பக்கம்மா. பொடவையில நெசவு சொசைட்டி சீல் குத்துறதும் உள்பக்கம்தானே? மின்னுறதுதான் நல்ல பக்கம். பாத்துத்தான் வச்சிருக்கறேன்.”

நெய்கிற வீட்டில் எந்தத் துணியை எடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பது நல்ல பக்கம் எது என்றுதான். ஜரிகை எந்தப் பக்கம் பளிச்சென்று தெரிகிறதோ, அந்தப் பக்கத்துக்குத்தான் மரியாதை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாமல் நின்றேன். கொஞ்சம் அவசர வேலை இருக்கிறது, லேப்டாப்பை மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று மெதுவாகக் கேட்டுப்பார்த்தேன். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் மறுபூஜை முடிகிற வரைக்கும் யாரும் தொடுவதில்லை. மாமனார் கோபப்படவில்லை. தறியே இன்றைக்கு நிற்கிறது, உன் மிஷினும் ஒருநாள் நிற்கட்டும்மா என்றார். 

அன்று நான் சரஸ்வதியிடம் கல்வியும் கேட்கவில்லை, செல்வமும் கேட்கவில்லை. நாளைக்கு ஒருநாள் மட்டும் அந்த ஹார்ட் டிஸ்க் ஓடட்டும் என்று கேட்டேன்.  பலகையை நாலு தடவை சுற்றி வந்தேன். எனக்கு பக்தி அதிகமாகிவிட்டது என்று அத்தை நினைத்திருப்பார்.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் கற்பூரம் அணைவதற்குள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டேன். டிவிடிகளில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. புது டிஸ்க் வாங்கலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், விஜயதசமி என்று கடைக்காரர் ஷட்டரைத் திறக்கவே இல்லை. திரும்பி வந்து ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பிறகு ஈரம் போக, வீட்டிலேயே மெத்தென்று இருந்த துணியைத் தேடி எடுத்து அழுத்தித் தேய்த்தேன். எங்கள் வீட்டில் மெத்தென்ற துணி என்றால் பட்டு வெட்டுத் துண்டுதான். ஒன்றில் மட்டும் கறை போகவில்லை, மற்றவை கண்ணாடி போலப் பளபளத்தன. திருப்தியாக முதல் டிஸ்க்கைப் போட்டேன்.

முதல் டிஸ்க் எழுத முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு சதவீதத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடையிடையே அந்த டிக் டிக். நூறு வந்து, சரிபார்த்து, அடுத்த டிஸ்க்கைப் போடு என்றபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இரண்டாவது எழுபத்தொன்றில் நின்றது. பிழை, வேறு டிஸ்க் போடவும் என்றது. வேறு போட்டேன். அது நாற்பதில் நின்றது. மூன்றாவதாக ஒன்றைப் போட்டபோது திரை மொத்தமாக உறைந்துவிட்டது. பத்து நிமிஷம் காத்திருந்தேன், இருபது நிமிஷம் காத்திருந்தேன். சுட்டி அசையவில்லை, டிரைவின் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தது. கடைசியில் பட்டனை அமுக்கிப் பிடித்து மிஷினை அணைத்தேன். மறுபடி போட்டு ரெக்கவரி புரோகிராமைத் திறந்தால், இந்தக் கணினிக்கு ஒரு செட் ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது, இன்னொரு செட் எழுத முடியாது என்று வந்தது. மூடித் திறந்தேன். அதே வரி. எத்தனை தடவை திறந்தாலும் அதே வரி.

அந்த நேரம் பார்த்து அத்தை காபி டம்ளரோடு உள்ளே வந்து, முடிஞ்சுதாம்மா என்று கேட்டார்.

“உங்களை யாரு அத்தை அதுல பொட்டு வைக்கச் சொன்னது? எல்லாம் போச்சு.”

நான் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.  அத்தை டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்த் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டார். நான் வீணான டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். குங்குமம் கீறாது. துடைத்த துணியை எடுத்துப் பார்த்தேன். பட்டுத் துண்டின் ஓரத்தில் அரை விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை இருந்தது. அந்தக் கம்பியால்தான் அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறேன். துணியைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்தேன். ஒரு கந்தலை எதற்காக ஒளித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அத்தையிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சனிக்கிழமை சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். டிஸ்க் இல்லையென்றால் கம்பெனியிடம் கேட்டு வரவழைக்க வேண்டும், வர ஒன்றரை மாதம் ஆகும், மிஷின் யார் பெயரில் வாங்கியதோ அவருடைய மெயிலிலிருந்துதான் கேட்க வேண்டும் என்றார்கள். அந்த வழியும் அவரிடமே போய் முடிந்தது. அன்று முழுக்க என்ன சொல்வது என்பதை ஒத்திகை பார்த்தேன். குளிக்கும்போது ஒன்று, அரிசி களையும்போது இன்னொன்று. எப்படித் திருப்பினாலும் ஒரு கதைதான் முழுதாக நின்றது. டிஸ்க் எழுதியிருந்தேன், அத்தை பூஜையில் பொட்டு வைத்துக் கெடுத்துவிட்டார். அதில் பாதி உண்மை. கேட்கிறவருக்கு எந்தப் பாதி என்று தெரியாது.

ஞாயிறு மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. அத்தை வழக்கம்போல என் பின்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஸ்பீக்கரில் அவர் குரல் விட்டு விட்டு வந்தது. நலமெல்லாம் விசாரித்துவிட்டு, டிஸ்க்கைக் காட்டு என்றார். பொட்டுக் கறை போகாத ஒன்றை எடுத்துக் கேமரா முன்னால் பிடித்தேன். 

“எழுதித்தாங்க வச்சிருந்தேன். அத்தை தெரியாம பூஜையில பொட்டு வச்சிட்டாங்க. கெட்டுப்போச்சு.”

அவர் டிஸ்க்கை உற்றுப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். நான் அத்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை மறுப்பார் என்றுகூட ஒரு கணம் எதிர்பார்த்தேன்.

“ஆமாம்பா. நான்தான் வச்சேன். தெரியாம பூட்சி” என்றார் அத்தை.

திரையில் அவர் பொரிந்து தள்ள ஆரம்பித்தார். தெரியாத சாமானில் ஏன் கை வைக்கிறாய், ஒரு வார்த்தை கேட்டுச் செய்யக் கூடாதா, இவள் கஷ்டப்பட்டு எழுதி வைத்ததை ஒரு நிமிஷத்தில் பாழாக்கிவிட்டாயே என்று ஏறிக்கொண்டே போனார். ஏழு மாதமாக நான் பயந்து பயந்து எனக்காக எதிர்பார்த்துக்கொண்டிருந்த வார்த்தைகள் அவை. எனக்கு வரவேண்டியதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தவர்மேல் விழுந்தன. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றது. வாய் பாதி திறந்த நிலையில் முகம் அப்படியே உறைந்துவிட்டது. குரலும் நின்றது. லேப்டாப்பின் டிக் டிக் மட்டும் கேட்டது.

அந்த இடைவெளியில் அத்தை என் காதருகே குனிந்து, அவருக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

“கவரை நான்தானேம்மா பிரிச்சேன். கத்தரி வச்சி அறுத்து எடுத்தேன். ஒண்ணும் எழுதாததுன்னு எனக்குத் தெரியும். போனா போவுது விடு, எம் புள்ளதானே, நாலு வார்த்த திட்டிட்டுப் பூடுவான்.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெள்ளிக்கிழமை நான் கத்தியபோதும் அவருக்கு இது தெரியும். தெரிந்துதான் காபியை வைத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறார். இரண்டு நாளாக இதே வீட்டில், என் பொய்யை எனக்காகப் பத்திரமாக வைத்துக்கொண்டு தார் சுற்றியிருக்கிறார். கணவரின் நம்பிக்கை போய்விடக் கூடாது என்று நான் இத்தனை பாடுபட்டது யாருடைய தலையில் வந்து முடிந்திருக்கிறது என்று நினைத்தபோது என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

திரையைப் பார்த்துச் சொன்னேன். அத்தைமேல் தப்பில்லை, நான் எழுதவே இல்லை, பங்குனியில் சொன்னது பொய் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். முடித்த பிறகும் அவர் முகம் அசையவில்லை. வாய் அப்படியே பாதி திறந்திருந்தது. அவர் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறாரா, இன்னும் லைன் வரவில்லையா என்று தெரியவில்லை. 

படம் ஒருதடவை சிதறிச் சேர்ந்தது. அவர் கண்ணைச் சிமிட்டினார்.

“கட் ஆயிடுச்சும்மா. இன்னா சொன்ன? ஒண்ணுமே கேக்கல.”

அத்தையின் கை என் தோளை அழுத்தியது. வேண்டாம் என்று அர்த்தம். ஒன்றுமில்லைங்க என்று ஒரு வார்த்தை போதும். அவர் அம்மாவைத் திட்டியது திட்டியதாகவே இருக்கும், அடுத்த வாரம் மறந்தும் விடுவார். முதல் தடவை சொன்னபோது எனக்கு யோசிக்க நேரமிருக்கவில்லை. இப்போது இருந்தது. 

“நான் அந்த டிஸ்க்கை எழுதவே இல்லங்க. எழுதிட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்” என்றேன்.

இந்தத் தடவை படம் நிற்கவில்லை. அவர் முகம் மாறுவதை முழுதாகப் பார்த்தேன்.